மலை குடித்த எண்ணெய்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழி உண்டு. ஊரறிந்த வழி, கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது. மற்றது, அயோத்தியாப்பட்டணம் கடந்து அரூர் சாலையில் வரும் குப்பனூரில் திரும்பி, கொட்டச்சேடு வழியாகச் சேர்வராயன் மலையின் கிழக்கு முகத்தில் ஏறுவது. சுற்றுலாக்காரர்கள் அதிகம் நினைக்காத இந்த இரண்டாவது பாதை, முதல் பாதையில் மண் சரியும்போதெல்லாம் செய்தித்தாளில் பெயர் பெறும். மற்ற நாட்களில் மலையூர்க்காரர்களும், காப்பி, மிளகு, பலா, சில்வர் ஓக் தடி ஏற்றிய பிக்கப் வண்டிகளும்தான் அதற்குச் சொந்தம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள ஒரு பிக்கப் இந்த 1,200 சொச்சம் மீட்டரை இறங்கி வரும்போது விடுவிக்கிற ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஏறும்போது அதே ஆற்றலை இன்ஜின் கொடுத்தாக வேண்டும். அது சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில் இருப்பது கியர் பெட்டி. பெட்டிக்குள் பல்லும் பல்லும் உரசாமல் காப்பது இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய். இன்ஜின் ஆயிலை மாற்றச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், டயரைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் உதைத்துப் பார்க்கிறான். கியர் ஆயிலை மட்டும், பெட்டி கத்துகிற வரை யாரும் நினைப்பதில்லை. இந்த மறதி பிக்கப் காலத்தில் வந்ததல்ல. மலையில் சக்கரம் ஏறிய வரலாற்றோடு கூடவே வந்தது அது.

சக்கரத்துக்கு மசகு போடுவது இந்த வட்டாரத்துக்குப் பழைய சங்கதி. மஞ்சவாடிக் கணவாய்க்கு அப்பால் இருப்பது அதியமான்கள் ஆண்ட தகடூர் நாடு, இன்றைய தருமபுரி. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றின் 102ஆம் பாட்டு, உப்பு வணிகர்கள் மேடும் பள்ளமும் தாண்டப் போகும்போது வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதை உவமையாக வைக்கிறது. அச்சு முறியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முறிந்தால் நடுக்காட்டில் நிற்க முடியாது என்பதும் தெரிந்திருந்தது. வீரனைப் புகழ ஸ்பேர் பார்ட்டை உவமையாகக் கொண்டுவந்த புலவர் ஔவையைத் தவிர வேறு யாரும் இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அச்சு முறிவதைத் தள்ளிப்போட உதவியது வண்டி மை. வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த கறுப்புக் களிம்பு அது. அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, குடத்துக்குள் மையைத் திணித்துவிட்டு மறுபடி பூட்டுவார்கள். மை தீர்ந்த வண்டி எழுப்பும் கிறீச் சத்தம் ஊருக்கே கேட்கும். சோம்பேறி வண்டிக்காரனை ஊர் அடையாளம் காண்பதற்கு அதுவே போதும். இந்த விஷயத்தில் மாட்டுவண்டி மோட்டார் வண்டியைவிட நேர்மையானது. பட்டினி கிடக்கும் கியர் பெட்டி கடைசி நிமிடம் வரை சத்தமே காட்டாது.

விளக்கெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டியதில்லை. ஆமணக்கை இந்தப் பக்கத்தில் கொட்டமுத்து என்பார்கள். நிலக்கடலைக் காட்டில் வரப்போரமும், மஞ்சள் வயலின் ஓரமும் அது நிற்கும். சேலம் மாவட்டத்தின் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. இரண்டும் இந்த மண்ணின் பயிர்கள் என்பதற்கு அரசே கொடுத்த சான்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மையெல்லாம் மலையடிவாரத்தோடு சரி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியையும் பழ மரங்களையும் நட்டுப் பார்த்த காலத்தில் மேலே சக்கரத்துக்கு வேலை இல்லை. வெள்ளைக்காரர்கள் மட்டக்குதிரையில் ஏறினார்கள், அல்லது டோலியில் உட்கார்ந்துகொண்டார்கள். டோலியைத் தூக்கியவர்களின் மூச்சிரைப்பை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. காப்பி மூட்டைகள் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் இறங்கின. 1860களின் தொடக்கத்தில் சென்னை ரயில் சேலத்தைத் தொட்டபோது கீழே வேகம் கூடியது. மலைக்கு மேல் கால்நடை வேகம்தான் நீடித்தது. வண்டி ஓடத் தகுந்த மலைப்பாதை அமைந்த பிறகே அச்சும் குடமும் மையும் மேலே போயின. கொஞ்ச காலத்திலேயே, மாட்டுவண்டி மலையில் காலூன்றுவதற்கு முன்பே, பின்னாலிருந்து மோட்டார் ஹாரன் அடித்தது.

மோட்டார் வந்ததும் விளக்கெண்ணெய்க்கு வேலை போயிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். சார்லஸ் சீர்ஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899இல் லண்டனில் மசகெண்ணெய்க் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். மோட்டார், விமான இன்ஜின்களின் சூட்டைத் தாங்கும் எண்ணெய்க்காக அவருடைய ஆட்கள் பல சேர்மானங்களைச் சோதித்தார்கள். 1909இல் கனிம எண்ணெயில் ஆமணக்கெண்ணெயைக் கலந்து வெளியிட்டதுதான் காஸ்ட்ரால். அடுத்த ஆண்டே அது இந்தியாவில் இறங்கியது. கொட்டமுத்து விளைந்த நாட்டுக்கே கொட்டமுத்தின் சாறு சீமைத் தகர டப்பாவில் திரும்பி வந்த கதை இது.

இந்த எண்ணெயில் அப்படி என்ன இருக்கிறது? ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலம். அதன் மூலக்கூறில் கூடுதலாக ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி உலோகப் பரப்பை விடாமல் பற்றிக்கொள்ளும். சூட்டில் மற்றத் தாவர எண்ணெய்கள் தண்ணீராய் ஓடும் இடத்திலும் இது கனமாக நிற்கும். பெட்ரோலோடு எளிதில் கலக்காது. முதல் உலகப் போரின் சுழல் இன்ஜின் விமானங்களுக்கு இந்தக் கடைசிக் குணம் உயிர்நாடியாக இருந்தது. அந்த இன்ஜின்களில் பெட்ரோல் ஆவி கிராங்க் பெட்டி வழியாகவே போகும். கனிம எண்ணெயாக இருந்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். ஆமணக்கெண்ணெய் நின்று தாக்குப்பிடித்தது. வேலை முடிந்ததும் புகையோடு வெளியேறி விமானியின் முகத்தில் அடித்தது. அதை மணிக்கணக்காக விழுங்கிய விமானிகளின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வளர்க்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

குறையும் இருந்தது. நாள்பட்ட ஆமணக்கெண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகி, பிசின் போல் படியும். அடிக்கடி பிரித்துத் துடைக்கிற பந்தய இன்ஜினுக்கும் விமானத்துக்கும் அது பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத கியர் பெட்டிக்கு ஆகாது. அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனி 1926இல் ஹைப்பாய்டு பல்சக்கரத்தைப் பின் அச்சுக்குக் கொண்டுவந்தபோது சிக்கல் இன்னும் முற்றியது. அந்தப் பற்கள் உருளுவதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியும் போகும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். எனவே கந்தகமும் பின்னர் பாஸ்பரசும் சேர்ந்த வேதிப்பொருள்களை எண்ணெயில் கலந்தார்கள். சூடேறும் இடத்தில் அவை உலோகத்தோடு வினை புரிந்து, தேய்ந்து போவதற்கென்றே ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்தின் நாற்றம்தான்.

சேர்வராயன் மலைக்கு இந்த நாற்றத்தைக் கொண்டுவந்தவற்றில் முக்கியமானது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் செய்து குவித்த வில்லிஸ் ஜீப்புகளில் பல, போர் முடிந்ததும் இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. 1945இல் மஹிந்திரா அண்டு முகமது என்று தொடங்கி, 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறிய பம்பாய் நிறுவனம், உதிரிப் பாகங்களாக இறக்கிய ஜீப்பை இங்கேயே பூட்டி விற்றது. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் பி.டி.ஓ. ஜீப் என்பது கிராமத்துக் காட்சியில் ஓர் அங்கமாயிற்று. எஸ்டேட் துரைக்கு ஒன்று, காட்டிலாகாவுக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று என்று மலையிலும் அவை பெருகின. வயதான பிறகு அவை துரை வீட்டிலிருந்து சந்தைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பாகக் கைமாறின. இன்றைய பிக்கப்பின் பாட்டன் இந்தக் கைமாறிய ஜீப்தான்.

ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு, பற்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் சுமையோடு மூச்சு வாங்கும்போது, வண்டியை நிறுத்தாமல் முதல் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். கை தவறினால் பற்கள் கரகரவென்று அரைபடும். அப்படி அரைபட்ட இரும்புத் தூள் எங்கும் போய்விடாது, எண்ணெயிலேயே மிதக்கும். அதே எண்ணெய் மறுபடி பற்களுக்கு நடுவே வரும். மாற்றாத கியர் ஆயில் சாணைக் களிம்பாக மாறுவது இப்படித்தான். 1980களில் பெஜோ டீசல் இன்ஜின் பூட்டிய மஹிந்திரா வண்டிகள் வந்தபோது இழுவை கூடியது. பழைய பெட்ரோல் ஜீப்புகளிலும் டீசல் இன்ஜினை மாற்றிப் பூட்டினார்கள். கூடுதல் இழுவை முழுவதும் அதே பழைய பற்களின் மேல்தான் இறங்கியது.

ஏற்றம் மட்டுமல்ல, இறக்கமும் கியர் பெட்டிகளைக் கொன்றது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் மலைப்பாதை டிரைவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும் ஆபத்தை எல்லோரும் பேசுவார்கள். பெட்டிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சாதாரண மேனுவல் பெட்டியில் எண்ணெயை வாரி இறைப்பது அடியில் சுழலும் துணைத் தண்டின் பற்கள். இன்ஜின் நின்றால் அந்தத் தண்டும் நின்றுவிடும். சக்கரங்களோடு இணைந்த மேல்தண்டு மட்டும் சொட்டு எண்ணெய் மேலே தெறிக்காமல் முழு வேகத்தில் சுழலும். அடிவாரம் வந்து சேரும்போது மிச்சம் பிடித்த டீசல் அரை லிட்டர் இருக்கலாம். கருகிய பேரிங்கின் விலை தனிக் கணக்கு. பழுதான வண்டியை நெடுந்தூரம் கட்டி இழுக்கும்போது டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

நல்ல எண்ணெய் கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் இயங்கத் தொடங்கி, எரிபொருளோடு மசகெண்ணெய்க்கான மூல எண்ணெயையும் தயாரித்தது. இந்தியன் ஆயில் 1972இல் சர்வோ என்ற பெயரைக் கொண்டுவந்தது. எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் அந்தப் பத்தாண்டில் அரசுடைமையாயின. டிரைவர்களுக்குப் பெயர் முக்கியமில்லை. கடையில் போய் ‘நைன்டி ஆயில்’ என்றால் போதும். 90 என்பது எண்ணெயின் கனத்தை மட்டும் சொல்லும் எண். உள்ளே கந்தகம் எவ்வளவு என்பதை ஜி.எல். 4, ஜி.எல். 5 என்ற இன்னொரு குறி சொல்கிறது. பின் அச்சின் ஹைப்பாய்டு பற்களுக்கு ஜி.எல். 5 வேண்டும். பழைய கியர் பெட்டியின் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அதே ஜி.எல். 5இல் உள்ள கந்தகச் சேர்மானங்கள் அரிக்கக்கூடும். ஒரே டப்பாவை இரண்டிலும் ஊற்றிய பட்டறைகள் கணக்கில்லை. கியர் விழ மறுத்ததற்குப் பழி டிரைவரின் கைக்குப் போனது.

இங்கேதான் அந்தப் பழைய நம்பிக்கை நுழைகிறது. ஓடித் தேய்ந்த வண்டியில் பழைய எண்ணெயைத் தொடாதே, புதுசு ஊற்றினால் பெட்டி போய்விடும் என்பது அது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இதே பேச்சுத்தான். அங்கே அது ஆட்டோமேட்டிக் பெட்டி பூட்டிய பழைய பிக்கப்புகளைப் பற்றியது. அரை உண்மை என்பதால் இதற்கு ஆயுள் கெட்டி. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு திமிங்கிலத்தைச் சந்திக்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1939 இறுதியில் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிப் பெட்டியைக் கொண்டுவந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்குகளையும் அதே பெட்டி ஓட்டியது. இந்தப் பெட்டியில் எண்ணெய்க்கு வேலை அதிகம். இன்ஜினின் சுழற்சியைக் கடத்துவது, வால்வுகளை அழுத்தத்தால் இயக்குவது, சூட்டை வெளியே கொண்டுபோவது, எல்லாம் அதன் பொறுப்பு. இவை போக, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடித்தாக வேண்டும். மிகவும் வழுக்கினால் தட்டுகள் எரியும். மிகவும் பிடித்தால் கியர் மாறும்போது வண்டி குலுங்கும். வழுக்கலையும் பிடிப்பையும் ஒரே திரவத்தில் அளந்து வைக்கும் இந்தக் கலைக்கு, 1949இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டைப் ஏ’ என்று ஒரு தர விதி வகுத்தது. அந்தக் காலத்துத் திரவங்களில் இந்த வேலையைச் செய்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். வேதியியல்படி அது ஒரு திரவ மெழுகு. கடலடிக் குளிரிலும் பெட்டியின் சூட்டிலும் தன் குணம் மாறாதது.

1970 இறுதியில் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அதோடு அந்த எண்ணெயின் வரத்து நின்றது. மாற்றுத் திரவங்கள் அவசரமாகத் தயாரிக்கப்பட்டன. முதலில் வந்தவற்றில் சில, குளிர்விப்பான் குழாய்களின் இணைப்புகளை அரித்தன. பழைய திரவத்தோடு ஒத்துப்போயிருந்த பெட்டியில் புதுத் திரவம் ஊற்றியதும் கோளாறு வந்த அனுபவம் பலருக்கு ஏற்பட்டது. பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெய் திமிங்கில எண்ணெயின் இடத்தைப் பல தொழில்களில் பிடித்தது. பின்னர் ஆய்வகச் சேர்மானங்கள் அதையும் ஓரம்கட்டின. டெக்ஸ்ரான் என்ற தர வரிசை பல பதிப்புகள் கண்டு, 2005இல் ஆறாவதை எட்டியது. புது எண்ணெய் பற்றிய பயத்தில் ஒரு பங்கு இந்த இடைக்காலத்தில் முளைத்ததாக இருக்கலாம். மிச்சம், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டதால் வந்தது. பெட்டி வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலர் எண்ணெயை நினைக்கிறார்கள். மாற்றிய மறுவாரம் வண்டி நிற்கிறது. எண்ணெய் மாற்றினார்கள், வண்டி நின்றது. பட்டறையின் நினைவில் இவ்வளவுதான் தங்கும்.

அரை உண்மை என்றதற்குக் காரணம் உண்டு. தேய்ந்த தட்டுகளிலிருந்து உதிர்ந்த பொடி பழைய திரவத்தில் மிதந்து, செத்துக்கொண்டிருக்கும் கிளட்சுக்குக் கொஞ்சம் பிடிப்புக் கொடுக்கும். புதுத் திரவம் அந்த ஊன்றுகோலைப் பிடுங்கிவிடும். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவினால், மூலையில் படிந்த கசடு பெயர்ந்து வால்வின் நுண்ணிய துளைகளை அடைக்கலாம். எனவே லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு விவரமறிந்தவர்கள் சொல்வது பொறுமையான வழி. அடித்தட்டைக் கழற்றி, வடிகிறதை வடியவிட்டு, ஃபில்டரை மாற்றி, காந்தத்தைத் துடைத்து, வடிந்த அளவே ஊற்ற வேண்டும். இன்ஜினின் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது வடியாது. மொத்தம் 9 லிட்டரில் 4 லிட்டர் வடிகிறது என்று கொண்டால், ஒருமுறை மாற்றியதும் 44 விழுக்காடு புதிது. சில வாரம் ஓட்டி மறுபடி செய்தால் 69. மூன்றாம் முறை 83. முழுவதும் ஒரே நாளில் மாறாததுதான் இந்த முறையின் பலம். வடிந்த திரவம் கருத்து, தீய்ந்த வாசனை அடித்து, தட்டில் உலோகச் சீவல் கிடந்தால் எண்ணெயால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போது பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும்.

‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சில கார் கம்பெனிகள் எழுதி விற்றதுண்டு. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். அத்தகைய பெட்டிகளைச் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. சூடு பத்து டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பழைய கைக்கணக்கு. மலைப்பாதையில் சுமை இழுக்கும் வண்டிக்கு, சமவெளிக்காரர் எழுதிய புத்தகக் கெடு செல்லாது.

சேர்வராயன் மலையில் இது இன்னும் நாளைய பிரச்சினைதான். 2005இல் டாடா ஏஸ் வந்தது. ஊரே அதைக் குட்டி யானை ஆக்கிக்கொண்டது. அதற்குப் பக்கத்தில் பொலேரோ பிக்கப். இவற்றில் பெரும்பாலானவை மேனுவல் கியர். 2014இல் மாருதி செலேரியோவோடு கிளட்ச் மிதியில்லாத ஏ.எம்.டி. சாதாரணக் குடும்பத்துக்கு எட்டியது. அதன் பெட்டி பழைய மேனுவல் பெட்டிதான். மிதிப்பதையும் தள்ளுவதையும் ஹைட்ராலிக் கை செய்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து இசுசு வி-கிராஸ் ஆட்டோமேட்டிக்கிலும் வருகிறது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. இவை மூன்றாம் கை, நான்காம் கை மாறி மிளகு மூட்டை ஏற்றும் காலம் வரும்போது, ஆட்டோமேட்டிக் பெட்டியின் சிவப்புத் திரவம் பற்றிய அதே வாக்குவாதம் குப்பனூர் வழியிலும் ஏறும்.

அதுவரை நைன்டி ஆயில்தான் கதை. கீழே படுத்து அதை மாற்றுபவர்களுக்கு அவர்களுக்கென்று ஒழுங்கு உண்டு. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே திறப்பார்கள். குளிர்ந்த எண்ணெய் கசடைத் தூக்கிக்கொண்டு இறங்காது. பாதிச் சோதனை விரலிலேயே நடந்துவிடும். டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். பொன்னிறப் பொடி மினுங்கினால் சிங்க்ரோ வளையம் போய்க்கொண்டிருக்கிறது. நகத்தில் தட்டுப்படும் சில்லு என்றால் பல் உடைந்திருக்கிறது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழையில் ஓடை கடந்த வண்டியிலும், பெட்டிக்குக் காற்று விடும் பிரீதர் சேற்றால் அடைபட்ட வண்டியிலும் இதைப் பார்க்கலாம். அடிபோல்ட்டைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டு ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பார்ப்பது இந்த ஒழுங்கின் முதல் விதி. பத்து வருடம் திறக்காத போல்ட் துருவேறி இறுகியிருக்கும். எண்ணெயை வடித்துவிட்ட பிறகு அது தெரிந்தால், காலிப் பெட்டியோடு வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது? வண்டி மை மண்ணோடு மண்ணாயிற்று. இது அப்படி ஆகாது. கன உலோகமும் கரிமக் கசடும் சேர்ந்த இந்தக் கறுப்பு எண்ணெயைச் சட்டம் அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்க வேண்டும் என்பது விதி. 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் விற்றதில் ஒரு பங்கைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. நடைமுறையில் பட்டறை மூலையில் நிற்கும் பீப்பாய் நிறைந்ததும், கேன் கேனாக அது கட்டட வேலைக்குப் போகிறது. சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்கள். மிச்சத்தைக் கரையான் அரிக்காமலிருக்க மர வேலிக் கம்பத்துக்கும் மாட்டுக்கொட்டகை விட்டத்துக்கும் அடிக்கிறார்கள். மலையில் மழை பெய்தால் அதில் ஒரு பங்கு ஓடையில் இறங்கும்.

சேர்வராயன் மலையின் ஓடைகள் கீழே சேலத்துக் காடு கழனிகளுக்குப் பாய்கின்றன; கொட்டமுத்துச் செடி நிற்கும் வரப்புகளும் அங்கேதான் இருக்கின்றன.